மாவும் மருந்தும்

முப்பது நொடி.
கைகளை நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு
நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுகிறேன் என்று
எண்ணினாள் ஆராய்ச்சிப் பெண் சைமி.
ஒன்பது.
பத்தாவதற்கு இடுப்பு எழுந்தது, நான் எழவில்லை.
"பரவாயில்லை, ஓர்வொக்கி" என்றாள்.
தாளில் அந்தப் பரவாயில்லை ஏறவில்லை,
ஒன்பதுதான் ஏறியது.

ரௌமா துறைமுகத்தில் இருபத்தெட்டு ஆண்டு
கிரேன் ஓட்டியவள் நான்.
காகித உருளைகளை, ஒவ்வொன்றும் மூன்று டன்,
கப்பலின் வயிற்றுக்குள்
பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல் இறக்கியவள்.
இப்போது கைப்பிடி அளக்கும் கருவியை
முகம் சிவக்க நசுக்கினாலும்
முள் பதினேழில் நின்றுவிடுகிறது.
மீன் ஊறுகாய் ஜாடி இதை எனக்கு முன்பே சொல்லியிருந்தது.

சுவரில் ஒரு படம், தசையின் உட்புறம்.
இழைமணிகளாம்.
அணுவுக்கு அணு நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து
உலை மூட்டிக்கொண்டே இருப்பவை.
வயதாக ஆகக் கரி கூடி அனல் குறையுமாம்.
"எண்ணெய் மாற்ற முடியாதா?" என்றேன்.
சைமி சிரித்தாள்.
நான் நிஜமாகவே கேட்டேன்.

நான்கு மாதம், காலையில் இரண்டு மாத்திரை.
மருந்தா, வெறும் மாவா,
எனக்கும் தெரியாது, கொடுத்தவளுக்கும் தெரியாது.
புட்டியில் எண் மட்டும்: நூற்றுப் பதினான்கு.

கீழ் வீட்டு ரெய்னோவுக்கு நூற்று முப்பத்தொன்று.
அவன் என் முன்னாள் கணவன்.
விலகி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.
ஒரே படிக்கட்டில் எங்களுக்கு வீடு ஒதுக்கிய நகரசபைக்கு
அது தெரியாது,
அல்லது வேடிக்கை தெரியும்.
பனி வழித்தாயிற்றா, இன்று சவுனா யார் முறை,
இவ்வளவுதான் எங்கள் பேச்சு.
மாத்திரையைப் பற்றி அவனே தொடங்கினான்,
இரண்டாம் திருப்பத்தில் மூச்சுக்கு நின்றபோது:
"எனக்கு வந்தது நிஜ மருந்துதான். உடம்பு சொல்கிறது."
சொன்னவன் கைப்பிடியை விடவில்லை.

பிப்ரவரியில் குப்பைத்தொட்டி அருகே விழுந்தான்.
எலும்புக்கு ஒன்றுமில்லை.
எழத்தான் முடியவில்லை.
இருபது நிமிடம்
வானத்தைப் பார்த்துக் கிடந்திருக்கிறான், கூப்பிடாமல்.
நான் போய் அக்குளில் கைகொடுத்தேன்.
எப்படியோ இரண்டு பேரும் நிமிர்ந்தோம்.
நன்றி என்ற சொல் அவன் வாயில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.
"உன் தோள் இன்னும் கிரேன்தான்" என்றான்.

மறுநாள் அவன் சூப் சூடாக்க உள்ளே போன நேரம்,
என் புட்டியையும் அவன் புட்டியையும்
மேசைவிரிப்பில் கவிழ்த்தேன்.
ஒரே நிறம், ஒரே நீளம்.
நக்கிப் பார்த்தேன், ஒரே ஒன்றுமில்லாமை.
கலைத்தேன், கண்ணளவில் பிரித்தேன், அடைத்தேன்.
ஒன்று மிஞ்சியது,
அதை அவன் பக்கம் போட்டேன்.

அன்றிரவு தூக்கமில்லை.
கொடுத்தேனா, பிடுங்கினேனா?
என்னுடையது மாவென்றால்
விழுந்து கிடந்தவனின் பாதி பலத்தைத் திருடியவள் நான்.
இரண்டும் மாவென்றால் மாவோடு மாவு.
குடித்தனம் நடத்திய காலத்திலும்
இந்தக் கணக்கு எங்களுக்குத் தீர்ந்ததில்லை.

ஏப்ரலில் மறுபடி அதே நாற்காலி.
எனக்குப் பதினொன்று.
அவனுக்கு ஆறிலிருந்து ஏழு.
சைமியின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும்
என்னால் முடியவில்லை, சொல்லிவிட்டேன்.
அவள் திட்டியிருக்கலாம்.
பேனாவை எடுத்து, பட்டியலில் இரண்டு எண்களைத் தேடி
இரண்டையும் அடித்தாள்.
புட்டிகளில் மிஞ்சியதைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

வெளியே பனி உருகிச் சேறாகியிருந்தது.
"எத்தனை?" என்றான் ரெய்னோ.
"பதினொன்று."
"உனக்குத்தான் நிஜ மருந்து" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டான்.
பேருந்தில் முதலில் ஏறினான்.
படியில் நின்று, திரும்பிப் பார்க்காமல்
கையை மட்டும் பின்னால் நீட்டினான்.
நான் கம்பியைப் பிடித்து ஏறினேன்.
கை சற்று நேரம் அங்கேயே இருந்தது.